காணாமல் போன கடல் சாமந்தி

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் வளர்க்கிற உயிர் காணாமல் போவதென்றால் பூனை போகும், கிளி போகும். கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிற, காலும் துடுப்பும் இல்லாத ஒரு பிராணி காணாமல் போகுமா? போகும். என் வீட்டில் போனது.

கடல் சாமந்தியைச் சொல்கிறேன். உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறவர்கள் அனிமோன் என்றே சொல்வோம். பார்க்கத்தான் பூ, உண்மையில் விலங்கு, பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவுக்காரர். அடியில் பாறையைப் பற்றிக்கொள்ளும் தட்டையான பாதம். மேலே வாய், வாயைச் சுற்றி விரல் விரலாக உணர்கொம்புகள். என்னிடம் இருப்பது பபிள்டிப் என்ற வகை. ஒவ்வொரு விரல் நுனியும் சின்ன வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும்.

வாங்கி வந்து நான்காம் நாள் காலை, விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன், அது இருந்த பாறை மொட்டையாக இருக்கிறது. அதன் விரல்களுக்கு நடுவே குடியிருக்கும் கோமாளி மீன்கள் இரண்டும் அந்த வெற்று இடத்துக்கு மேலேயே நின்று நீந்திக்கொண்டிருந்தன. மூன்றடி நீளத் தொட்டி, ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர். அதற்குள் எங்கே போயிருக்கும்? கையை விட்டு ஒரு பாறையைத் தூக்கினேன். அப்படிச் செய்திருக்கவே கூடாது. பாறைக்கு அடியில் அது ஒட்டியிருந்தால் பாதம் கிழிந்துபோகும். விரல்கள் அறுந்தால் மறுபடி வளரும்; பாதத்தில் கிழிசல் விழுந்தால் அங்கே அழுகத் தொடங்கி, பிழைப்பது கஷ்டமாகிவிடும்.

முதலில் செய்ய வேண்டியது வேறு. தண்ணீரை அலை மாதிரி தள்ளுவதற்குத் தொட்டிக்குள் வேவ்மேக்கர் என்று ஒரு விசிறி மோட்டார் வைத்திருப்போமே, அதை நிறுத்த வேண்டும். தொட்டியில் அனிமோனுக்கு எமன் அதுதான். இடம் தேடி நகர்ந்து வரும்போது காற்றாடி உள்ளே இழுத்துக்கொள்ளும். எலும்பே இல்லாத உடம்பு, துண்டு துண்டாகிவிடும். அதோடு முடிவதும் இல்லை. தேள் மாதிரி கொட்டுகிற அதன் செல்கள் தண்ணீர் முழுக்கப் பரவும், சதை அழுகி அமோனியா ஏறும், ஒரே நாளில் மற்ற மீன்களும் போய்விடலாம். ஆகவே மோட்டாரை நிறுத்துங்கள், இல்லையென்றால் அதைச் சுற்றி ஸ்பாஞ்சோ பிளாஸ்டிக் வலையோ கட்டுங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறையாமல் இருக்க ஏர் பம்ப் ஓடட்டும்.

சரி, உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூக்கே சொல்லிவிடும். செத்த அனிமோன் கூழாகக் கரையும், அதன் நாற்றத்தை ஒரு தரம் முகர்ந்தவர் மறக்க மாட்டார். தண்ணீர் கலங்காமல், வாடை இல்லாமல், அமோனியா சோதனையில் பூஜ்யம் என்று வந்தால் பெரும்பாலும் அது உயிரோடு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நம்பலாம். எனக்குப் பூஜ்யம்தான் வந்தது. அந்தச் சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் மாறாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

ஒளிவது அதற்குச் சுலபம். விரிந்திருக்கும்போது சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கிற அனிமோன், உடம்பிலுள்ள தண்ணீரை வெளியே விட்டால் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கும். விரல் நுழையாத சந்துக்குள்ளும் தன்னை நுழைத்துக்கொள்ளும். நாம் தட்டைத் தேடிக்கொண்டிருப்போம், அது எலுமிச்சையாக உட்கார்ந்திருக்கும்.

ஏன் நகர்கிறது? நாம் வைத்த இடம் அதற்குப் பிடிக்கவில்லை. பபிள்டிப் வகைக்குக் கடலில் பாதம் இருட்டான பாறை இடுக்கில் இருக்க வேண்டும், விரல்கள் மட்டும் வெளிச்சத்துக்கு நீள வேண்டும். விரல்களின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைக்கிற உணவில் பெரும்பங்கு அனிமோனுக்கு. வெளிச்சம் போதாவிட்டாலும் நகரும், அதிகமானாலும் நகரும். நீரோட்டம் முகத்தில் அடித்தாலும், உப்பு கூடிக் குறைந்தாலும் புறப்பட்டுவிடும். பாதத்தால் நத்தை மாதிரி ஊர்ந்து போகும், பெரும்பாலும் இரவில். சில சமயம் பிடியை விட்டு நீரோடு மிதந்தும் போகும்.

அதனால் தேடுவதும் இரவில்தான். தொட்டி விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் போகட்டும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் கடலில் ஆழம் போகாது, அதனால் அங்கே வாழும் பலவற்றுக்கு அது அவ்வளவாக உறைக்காது. பின்பக்கம் பார்க்க ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி போதும். மோட்டாரின் பின்புறம், தண்ணீர் வழிந்து இறங்குகிற ஓவர்ஃப்ளோ பெட்டி, அந்தத் தண்ணீர் போய்ச் சேர்கிற சம்ப் என்ற கீழ்த்தொட்டி, அதன் வடிகட்டித் துணி எல்லாவற்றையும் பாருங்கள்.

அப்புறம், மீன்களைக் கவனியுங்கள். இந்த விஷயத்தில் நம்மைவிட அவற்றுக்கு அக்கறை அதிகம். என்னிடம் இருக்கிற ஜோடியில் பெரியது பெண். கோமாளி மீன்களில் எப்போதும் பெண்தான் பெரியது. அனிமோன் காணாமல் போன மூன்றாம் நாள் மாலை அவள் இடது பக்கப் பாறையின் அடியில் ஒரு பொந்துக்குள் தலையை நுழைப்பதும், உடம்பை உதறிக்கொண்டு வெளியே வருவதும், மறுபடி நுழைவதுமாக இருந்தாள். அன்று இரவு தரையில் படுத்து அந்தப் பொந்துக்கு நேராக டார்ச்சைப் பிடித்தேன். இருட்டுக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு குமிழ். அதன் பக்கத்தில் இன்னொன்று. மெல்ல அசைந்தன.

கண்டுபிடித்த பிறகு வெளியே எடுத்து நல்ல இடத்தில் வைக்கலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். பிடித்து இழுக்கவே கூடாது. மோட்டாருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் மட்டும், அந்தப் பாறையோடு சேர்த்து நகர்த்துங்கள். மற்றபடி உப்பு, வெப்பநிலை, வெளிச்சம் மூன்றையும் ஒரே சீராக வைத்துக் காத்திருப்பதுதான் வேலை. என் தொட்டியில் உப்புநீரின் அடர்த்தி, நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால், 1.025; வெப்பநிலை 25 டிகிரி. சித்திரை வெயிலில் இதைக் காப்பாற்ற, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடியே ஆக வேண்டும், மின்கட்டணம் ஏறத்தான் செய்யும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்தில் நார்த் பெர்விக் கடற்கரையிலிருந்து சர் ஜான் கிரஹாம் டேலியல் என்ற இயற்கையியலாளர் 1828-இல் ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். மோட்டார் இல்லை, மின்விளக்கு இல்லை; கடல் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார், அவ்வளவுதான். 1851-இல் அவர் இறந்துபோனார். சாமந்தி இறக்கவில்லை. வேறு கைகளுக்கு மாறி, ‘பாட்டி’ என்று பெயர் வாங்கி, 1887 வரை இருந்தது. ஏறக்குறைய 60 வருடம்! அது குளிர்கடல் வகை, என்னுடையது வெப்பக்கடல் வகை, சரிதான். ஆனாலும் நம் தொட்டியில் ஒரு அனிமோன் ஆறே மாதத்தில் செத்தால் அது வயதாகிச் சாகவில்லை. நாம் அதைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. புதிதாகத் தொட்டி அமைப்பவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது தண்ணீர் நிலைப்படும்வரை பொறுத்து, அதன் பிறகு அனிமோன் வாங்குங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

என்னுடையது பொந்தைவிட்டு வர 18 நாள் ஆனது. முதலில் இரண்டு விரல், பிறகு நாலு. இப்போது பாதத்தை உள்ளே வைத்துக்கொண்டு, தொட்டியின் இடது ஓரமாக முழுவதும் விரிந்திருக்கிறது. முன்பக்கத்திலிருந்து சரியாகத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டுமென்றால், சுவரோரமாகத் தரையில் உட்காரச் சொல்கிறேன்.

வணக்கம்.