நோம்பிப் பலகாரமும் எங்கள் சபையும்

நேயர்களுக்கு அன்பான வணக்கமுங்க.

நான் வளர்ந்தது பள்ளிபாளையம் பக்கம், ராத்திரி பகல் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில். அப்பா தறி ஓட்டினார். சனிக்கிழமை கூலியில் பாதி சாராயக் கடைக்கே போய்விடும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா ஒரு பெந்தெகொஸ்தே சபையின் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். மறு வருசம் அப்பா காவிரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். அதற்கப்புறம் அவர் ஒருநாளும் குடிக்கவில்லை. அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினதே வேதாகமத்தில்தான். இப்படிப்பட்ட சபைகளில் கெடுபிடியைத் தவிர ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கெடுபிடி இருந்தது, நிசந்தான். பூ, பொட்டு, நகை, சினிமா எதுவும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை, முக்காடு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அம்மா தாலியைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போனபோது அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், வாசலிலேயே நின்றுவிட்டார். "மாப்பிள்ளை நல்லாத்தான இருக்கறாரு, இதென்ன கோலம் கண்ணு?" என்று கேட்டு அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

இதே கொங்கு நாட்டில், 1830 முதல் கோவையில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் வழியில் வந்து, இன்று சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிற சபைகளில் தாலி கட்டுவார்கள், பூ வைப்பார்கள். எங்கள் சபையின் வேர் வேறு. அமெரிக்காவில் 1910 முதல் 1915 வரை 12 தொகுதிகளாகக் கட்டுரைகள் வெளிவந்தன. வேதம் பிழையற்றது, கிறிஸ்து சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார் என்கிற அடிப்படைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவற்றின் வாதம். 1920இல் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர், அந்த அடிப்படைகளுக்காக வாதாடுகிறவர்களுக்கு 'அடிப்படைவாதி' என்ற பெயரைப் பெருமையாகவே சூட்டினார். இன்று அது வசவாகிவிட்டது. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் மூண்ட பெந்தெகொஸ்தே எழுப்புதலும் எங்கள் சபைக்குள் கலந்திருந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு போசிப் பாத்திரத்தைப் பற்றி.

மாரியம்மன் நோம்பிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம், பச்சரிசியும் வெல்லமும் சேர்த்துச் சுடுகிற பலகாரம், கொண்டுவருவார். "சந்தோசமுங்க அக்கா" என்று அம்மா வாங்கிக்கொள்வார். கதவைச் சாத்தினதும் அத்தனையும் மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். படையல் சோறு பிசாசின் பந்தி என்று பாஸ்டர் ஐயா சொல்லியிருந்தார். வெல்ல வாசம் வீடெல்லாம் நிற்கும். நானும் தம்பியும் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்திருப்போம். வெறும் போசியைத் திருப்பக் கூடாதென்று அம்மா ஒரு கை சர்க்கரை போட்டுக் கொடுத்தனுப்புவார்.

ஒரு வருசம் பெரியம்மா தொட்டியைப் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நோம்பிக்குப் போசி வரவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுத்த முறுக்கை வாங்கத்தான் செய்தார்.

கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில், பத்தாம் அதிகாரத்தில், பவுல் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். அவிசுவாசி விருந்துக்குக் கூப்பிட்டால், ஒன்றையும் விசாரிக்காமல் முன்னால் வைத்ததைச் சாப்பிடுங்கள். படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறார். 27, 28ஆம் வசனங்கள். பிசாசின் பந்தி பற்றிய வசனமும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஊழியக்கார ஐயாமாரே, அந்த 21ஆம் வசனத்தைப் பிரசங்கிக்கிற பலத்தோடு இந்த இரண்டையும் பிரசங்கியுங்கள். விசுவாசத்தை விடச் சொல்லவில்லைங்க. நானும் இன்றைக்கு வரை சபைக்குப் போகிறவள்தான்.

போன வருசம் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: "உங்களுக்குன்னு சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாலயே எடுத்து வெச்சதுதான் கண்ணு. நீங்க படையல் திங்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய்ப் பச்சரிசியை ஊறப்போட்டார். வெல்லம் எவ்வளவு இருக்கிறதென்று என்னைப் பார்க்கச் சொன்னார்.