சின்ன யானையில் பைக் ஏறும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு மாறும்போது, இன்ஜின் ஜாம் ஆகி நடுவழியில் நிற்கும்போது, மழைத் தண்ணீரில் மூழ்கிய பைக்கை மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது என்று என்றாவது ஒருநாள் பைக்கை லோடு வண்டியில் ஏற்ற வேண்டி வருகிறது. வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் தெருமுனையில் நிற்கும் சின்ன யானையை, அதாவது டாடா ஏஸ் லோடு வண்டியைக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்து, தூக்கி வைத்துவிடுகிறோம். பல சமயம் ஒன்றும் ஆவதில்லை. ஆகும்போது, கை விரல் நசுங்குகிறது, பைக் ஆள்மேல் சாய்கிறது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைகிறது. இதெல்லாம் தவிர்க்கக் கூடியவை என்பதால்தான் விவரமாகச் சொல்ல வந்தேன்.

முதலில் எடையைப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் ஏறக்குறைய 112 கிலோ. கிளாசிக் 350 புல்லட் 195 கிலோ. 1950களின் நடுவில் தொடங்கி திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. அதனாலோ என்னவோ, வடசென்னையில் புல்லட் இல்லாத தெரு குறைவு. சின்ன யானையின் தளம் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரம். பொலேரோ பிக்கப் என்றால் அதைவிட உயரம். நேராகத் தூக்கினால் 195 கிலோவும் நம் கையில். 6 அடிப் பலகை போட்டுத் தள்ளினால் 81 கிலோ அளவுக்கு விசை தேவை. பலகை 8 அடியாக இருந்தால் 61 கிலோ போதும். இதோடு உயரத்தில் ஓர் அடியைக் குறைத்துவிட்டால் 37 கிலோவில் வேலை முடிந்துவிடும். நாலு பேர் வேலையை இரண்டு பேர் நிதானமாகச் செய்யலாம்.

ஓர் அடியை எப்படிக் குறைப்பது? நம் பகுதியில் பல வீடுகளுக்கு வாசல் மேடை ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். பைக் ஏற சிமெண்டில் சரிவும் போட்டிருப்பார்கள். பைக்கைத் தெருவில் இறக்காமல் மேடையிலேயே நிறுத்துங்கள். லோடு வண்டியைப் பின்பக்கமாக மேடைக்கு எதிரே கொண்டுவந்து, மேடைக்கும் வண்டித் தளத்துக்கும் நடுவே பலகையைப் போட்டால் ஓர் அடி ஏற்றம்தான். மேடை இல்லாத இடத்தில், பைக் பிளாட்பாரத்தின் மேலும் லோடு வண்டியின் பின்சக்கரம் கீழே ரோட்டிலும் இருக்குமாறு நிறுத்தினால் அரை அடியாவது மிச்சம். லோடு வண்டிக்கு ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொரு கல்லை வையுங்கள். பைக்கைத் தள்ளும்போது லோடு வண்டி அரை அங்குலம் முன்னால் நகர்ந்தால்கூடப் பலகை நழுவிவிடும்.

பலகை இரண்டு அங்குலத் தடிமன், ஓர் அடி அகலம் இருக்கட்டும். சென்ட்ரிங் பலகையைத் தொடாதீர்கள். ஆணி அடித்து அடித்து நடுவில் விரிசல் விட்டிருக்கும். பலகையின் மேல் முனை வண்டியின் தளத்தில் நன்றாக உட்கார வேண்டும். சங்கிலியில் தொங்கும் பின்கதவின்மேல் அதைச் சாய்க்கக் கூடாது. மேல் முனையில் ஓட்டை போட்டு, வண்டியின் இரு பக்கக் கொக்கிகளோடும் கயிற்றால் கட்டுங்கள். கட்டாத பலகையைப் பின்சக்கரம் பின்னால் உதைத்துத் தள்ளும். அப்போது முன்சக்கரம் வண்டிமேலும் பின்சக்கரம் அந்தரத்திலுமாகப் பைக் தொங்கும்.

பலகை ஒன்று போதாது. இது பலர் யோசிக்காத விஷயம். பைக் பலகையில் ஏறுகிறது, ஹேண்டில் பிடித்தவர் எதில் ஏறுவார்? பாதி வழியில் ஹேண்டில் அவர் தலைக்குமேல் போய்விடும். பிடி தளர்வது அங்கேதான். இடது பக்கத்தில் அவர் நடந்து ஏற இன்னொரு பலகை வேண்டும். அதில் அடிக்கு ஒரு ரீப்பர் துண்டு (மெல்லிய மரச் சட்டம்) அடித்துவிட்டால் கால் வழுக்காது. பிளாஸ்டிக் பால் டப்பைப் படியாக வைப்பது வேண்டாம். ஓரத்தில் மிதித்ததும் கவிழும்.

இனி ஏற்றுவது. இன்ஜினை அணைத்துவிடுங்கள். பைக்கை ஸ்டார்ட் செய்து, அரை கிளட்சில் பக்கத்தில் நடந்து ஏற்றுகிறவர்கள் உண்டு. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டர் திரும்பினால் பைக் கேபினில் போய் மோதும். ஒருவர் இடது பக்கம் ஹேண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் தள்ளட்டும். கியர் முதலாவதில் இருக்க வேண்டும், கிளட்சைப் பிடித்தபடி தள்ள வேண்டும். நடுவில் மூச்சு வாங்க நிற்க வேண்டுமானால் கிளட்சை விடுங்கள், பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும். முன் பிரேக்கை நம்ப வேண்டாம். சரிவில் எடையெல்லாம் பின்சக்கரத்துக்குப் போய்விடுவதால், முன்சக்கரம் பூட்டிக்கொண்டே பின்னால் சறுக்கும். ஸ்கூட்டருக்கு இந்தக் கிளட்ச் வசதி கிடையாது. இடது லீவர்தான் பின் பிரேக். அதில் விரல் இருக்க வேண்டும்.

பலகை முடிந்து தளம் தொடங்கும் முனையில் பைக்கின் வயிறு தட்டும். சென்டர் ஸ்டாண்டோ சைலன்சரோ முனையில் மாட்டிக்கொள்ளும். அங்கே வேகமாகத் தள்ளினால் ஸ்டாண்ட் வளையும். பின்னால் இருப்பவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்து லேசாகத் தூக்கிக் கொடுத்தால் தாண்டிவிடும். இன்ஜின் ஜாம் ஆகிப் பின்சக்கரம் சுற்றவே இல்லையென்றால், செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கைக் கழற்றிச் செயினை எடுத்துவிடுங்கள். சக்கரம் விடுபடும். அந்த லாக் கிளிப்பைச் சட்டைப்பையில் போட்டால் தொலையும். செயினோடு சேர்த்துக் கம்பியால் முடிந்து வையுங்கள்.

கட்டுவதுதான் இதில் பெரிய வேலை. இங்கே சொல்ல வேண்டிய முதல் விஷயம்: பைக்கை ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள். சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு இரண்டும் தரையில் அசையாமல் நிற்கும் பைக்குக்காகச் செய்தவை. லோடு வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும்போது பைக்கின் எடை முழுக்க அந்த ஒரு பிராக்கெட்டில் இறங்கும். வெல்டிங் விட்டுப்போகும், சென்டர் ஸ்டாண்டு என்றால் மடங்கும். பைக் தன் இரண்டு சக்கரத்தில், தன் ஷாக் அப்சார்பரில் நிற்க வேண்டும். கட்டுகள் அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

முன்சக்கரத்தைக் கேபின் பக்கத் தகரத்தோடு நேராக முட்டவிட்டு, நடுவில் ஒரு பழைய டயரை வையுங்கள். சின்ன யானையின் தளம் ஏழு அடிக்குச் சற்று அதிகம், புல்லட்டின் நீளமும் ஏழு அடி. மெல்லிய டயர்தான் நுழையும். அதுவும் இடிக்குமென்றால் மடித்த கோணிச் சாக்கு போதும்.

கைப்பிடியை இழுத்து இழுத்து இறுக்கும் ஒன்றரை அங்குல ராட்செட் பெல்ட் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் கட்டும் இரண்டையும் ஹேண்டில் கம்பியில் மாட்டாதீர்கள், ஹேண்டில் திரும்பும், கேபிள் நசுங்கும். ஹெட்லைட்டுக்குக் கீழே ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் தட்டு இருக்கிறது அல்லவா, அதற்குமேல் துணி சுற்றிய பெல்ட் வளையத்தைப் போட்டு, ராட்செட் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டுங்கள். முன் டிஸ்க் பிரேக் ஹோஸும் வயரும் வளையத்துக்குள் சிக்கவில்லை என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பெல்ட் இரண்டும் முன்னாலும் வெளிப்பக்கமாகவும் சாய்ந்து இறங்க வேண்டும். இடதில் இரண்டு இழுப்பு, வலதில் இரண்டு இழுப்பு என்று மாறி மாறி இறுக்குங்கள். ஃபோர்க் இரண்டு அங்குலம் அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கிக் கட்டினால் ஆயில் சீல் போகும். அமுக்காமல் கட்டினால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே பெல்ட் தொளதொளத்துக் கொக்கி கழன்றுவிடும்.

பின்னால் இரண்டு பெல்ட், பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டிலிருந்து இரு பக்கமும். இவை பின்சக்கரம் பக்கவாட்டில் துள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. வண்டியின் பக்கத் தகரத்தின் விளிம்பில் பெல்ட் உராயும் இடத்தில் பழைய டியூப்பை வெட்டி மடித்து வையுங்கள். அந்த விளிம்பு அரம்போல பெல்ட்டை அறுக்கும். நைலான் கயிறுதான் இருக்கிறதென்றால் அது நீளும் என்பதை மனதில் வைத்து, ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்டுங்கள். ராட்செட் பெல்ட்டுக்கும் அந்த ஒரு நிறுத்தம் உண்டு.

ஸ்கூட்டருக்குச் சுற்றிலும் பிளாஸ்டிக் என்பதால், கால் வைக்கும் தளத்தின்மேல் கோணி மடித்துப் போட்டு, அதன் குறுக்கே பெல்ட்டை விட்டு இரு பக்கமும் கீழே இழுங்கள். பின்னால் கிராப் ரெயிலில் இன்னொன்று.

மழைக்காலத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்தது. அப்படி நனைந்த டயர் பலகையில் நிற்காது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மூழ்கிய பைக்கில் செல்ஃப் அழுத்துவதோ கிக்கர் உதைப்பதோ கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் இந்தப் பைக்கை மட்டும் நியூட்ரலில் தள்ளுங்கள். கிளட்ச் பிடி இல்லாததால் பின்னால் தாங்க இன்னொரு ஆள் வேண்டும். முன்சக்கரம் மேலே போகுமாறு ஏற்றினால் சைலன்சரில் நிற்கும் தண்ணீர் பின்னால் கொட்டிவிடும். ஆனால் அது கொட்டுவது, தள்ளுகிறவர் கால் வைக்கும் பலகையில்தான். ஒரு சாக்கைக் கீழே போட்டுவைப்பது நல்லது. எந்தப் பைக்கையும் படுக்கவைத்துக் கொண்டுபோகாதீர்கள், பெட்ரோல் ஒழுகும், இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போகும்.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி ரோட்டிலும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 40க்கு மேல் போக வேண்டாம். திடீர் பிரேக்தான் கட்டுக்குப் பெரிய சோதனை. பைக்கைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளைப் பின்னால் நிறுத்தும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 195 கிலோ சாயும்போது யாராலும் பிடிக்க முடியாது, தகரத்துக்கும் பைக்குக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். லோடு வண்டிக்கு வெளியே சாமான் அனுமதித்த அளவுக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தால் 2019 சட்டத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். பைக்கின் ஆர்.சி. நகல் டிரைவர் கையில் இருக்கட்டும்.

இறக்கும்போது, ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்ட பிறகே பெல்ட்டுகளை விடுவியுங்கள்: முதலில் பின் பெல்ட்டுகள், பிறகு முன்னால் வலது. இடது பெல்ட் கடைசியில். அமுங்கிய ஃபோர்க் சட்டென்று மேலே எழும்பும். பின்சக்கரம் முன்னால் போக, மூழ்கிய பைக்கைத் தவிர மற்றவற்றை முதல் கியரில், கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்து இறக்குங்கள். பின்னால் நின்று தாங்குகிறவர் பலகைக்கு நேராக நிற்காமல், பக்கத்தில் நிற்க வேண்டும். தரையில் நிறுத்தியதும் ஃபோர்க் குழாயைத் துடைத்துவிட்டு, ஏழெட்டு முறை அமுக்கிப் பாருங்கள். குழாயில் வளையமாக எண்ணெய்க் கோடு விழுந்தால், சீல் போயிருக்கிறது.