நீந்தும் சிப்பியும் மூடி வைத்த கடலும்

வணக்கம் மக்களே. காசிமேட்டில் நின்று பேசுகிறேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். இன்றைக்கு ஸ்காலப் என்ற கடல் சிப்பி பற்றிப் பேசலாம். தடைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

பெரிய ஓட்டல்களில் வெள்ளையாக, வட்டமாக வறுத்து வைப்பார்களே, அது முழு உயிரி இல்லை. இரண்டு ஓடுகளையும் இழுத்து மூடும் தசை மட்டும்தான். மட்டிக்கு இந்தத் தசை இரண்டு. வளர்ந்த ஸ்காலப்புக்கு ஒன்றே ஒன்று, ஆனால் நல்ல பெரிது. காரணம், இந்தச் சிப்பி நீந்தும்! ஓட்டைத் திறந்து பட்டென்று மூடும்; தண்ணீர் பின்பக்கம் பீய்ச்சியடிக்கும்; உடம்பு முன்னால் பாயும். நட்சத்திர மீன் கிட்டே வந்தால் இப்படித்தான் தப்பிக்கிறது.

அப்புறம் அதன் கண்கள். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். ஓட்டின் விளிம்பை ஒட்டி வரிசையாக, சில இனங்களில் 200 வரை இருக்கும். லென்ஸ் இருந்தாலும் பிம்பத்தைக் குவிப்பது கண்ணின் பின்புறம் இருக்கும் குழி ஆடி. வானத்தைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கிகளைப் போல! 1960களில் மைக்கேல் லேண்ட் என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார். அந்த ஆடி குவானைன் என்ற பொருளின் சதுரமான படிகங்களை அடுக்கிச் செய்தது என்று 2017இல் தெரிந்தது.

சரி, பிடிப்புக்கு வருவோம். அமெரிக்காவின் ஜார்ஜஸ் பேங்க் என்ற கடல் பகுதியில் இரும்புச் சட்டத்தில் எஃகு வளையப் பையை மாட்டிக் கடல் தரையோடு இழுக்கிறார்கள். 1994இல் காட் மாதிரியான மீன்களைக் காப்பாற்ற அங்கே பெரிய பரப்புகளை மூடினார்கள். உள்ளே யாரும் தொடாத ஸ்காலப் பெருகிப் பெருத்துக் கிடந்தது. 3 வயதிலிருந்து 5 வயதுக்குள் அதன் தசை எடை 4 மடங்காகிவிடும். பொறுத்தால் அதே சிப்பியில் அத்தனை கறி! அதனால் இப்போது குஞ்சுகள் நிறைந்த இடத்தை மூடி, வளர்ந்ததும் திறக்கிறார்கள்.

நம் தடை நாட்காட்டியைப் பார்த்து வருகிறது. அங்கே சிப்பியின் வயதைப் பார்த்து இடத்தை மூடுகிறார்கள். ஊர் சுற்றும் வஞ்சிரத்துக்கு அது சரிப்படாது. ஆனால் பழவேற்காட்டு மட்டி இருந்த இடத்திலேயே வளர்வது. ஏரியில் ஒரு பகுதியை மட்டும் மாற்றி மாற்றி மூடினால், மற்ற பகுதியில் வேலை நடக்கும், வருமானமும் நிற்காது. இது நடக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அங்கே மட்டி எடுக்கும் அக்காக்களிடமே கேட்டு அடுத்த வீடியோ போடுகிறேன்.