ரிப்போர்ட் நார்மல் வந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

"ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்." கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்லும் இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேசப்போகிறேன். நார்மல் வந்ததே அந்த மாத்திரையால்தானே!

வேளச்சேரிப் பக்கம் மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் போட்டு இறைப்பார்கள். தரை காய்ந்துவிட்டது என்று மோட்டாரை நிறுத்தினால் ஊற்று நின்றுவிடுமா? நம் கல்லீரல் அப்படி ஓர் ஊற்று. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. தட்டிலிருந்து வருவது கொஞ்சம்தான். "நான் முட்டையே தொடறதில்லை, எனக்கு எப்படி?" என்று சுத்த சைவர்கள் கேட்பதற்கும் பதில் இதுவே.

ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. கையிருப்பு குறைந்த கல்லீரல், ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. 1973-ல் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஒரு பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த வகை மருந்து இது. நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அதில் வலியோ மயக்கமோ எதுவும் தெரியாது. அதுதான் சங்கடம்.

இன்னொன்று. டோஸை இரண்டு மடங்காக்கினால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீத அளவில்தான் இறங்கும். அதனால் டாக்டர் டோஸை ஏற்றாமல் எசிடிமைப் போன்ற வேறொரு மாத்திரையைச் சேர்த்தால் பயப்பட வேண்டாம். மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும். லேப் தாளில் அச்சடித்த 'நார்மல்' எல்லோருக்கும் பொதுவானது. அவர்களுக்கு அது போதாது.

சரி, எண்ணெய். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது! பார்க்க வேண்டியது எல்டிஎல்லை ஏற்றும் நிறைகொழுப்பு, அதாவது சாச்சுரேட்டட் ஃபேட். தேங்காய் எண்ணெயில் அது 90 சதவீதத்துக்குப் பக்கம், ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி, நல்லெண்ணெயில் 15 சதவீதம்போல. அதற்காக நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர், அதாவது நாளைக்கு மூன்று டீஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். ஒன்றாம் தேதி தனியாக எடுத்து வையுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்தால் கணக்கு புரிந்துவிடும். கடற்கரையில் சாப்பிட்ட பஜ்ஜி இந்தக் கணக்கில் வராது, ஆனால் உடம்பில் வரும்.

கொள்ளு, அவரை, வெண்டைக்காய், ஓட்ஸ் எல்லாம் கரையும் நார்ச்சத்து உள்ளவை. எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும்.

நடைப்பயிற்சிக்கு ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு நன்றாக இறங்கும். எல்டிஎல் அவ்வளவாக இறங்காது. அதனால் நடக்கிறோமே என்று மாத்திரையை விடாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறபோது கடுமையான தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். வணக்கம்.