வெள்ளம் வருமுன் ஒரு நோட்டு

(குமரி மாவட்டக் கடலோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த ஊரில், ஒக்கிப் புயல் நினைவுநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் பெருந்தகை அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் சி.எஸ்.ஐ. சபைப் போதகர் ஐயா அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, ஊர்க் கமிட்டியாரே, மீன்வளத் துறை அதிகாரி அவர்களே, வட்டாட்சியர் அவர்களே! வட்டாட்சியர் காலையிலிருந்து பல கூட்டம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்களைக் கேட்ட காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் அக்காமாரே, வலை வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். பேரிடர் வந்த முதல் வாரத்தில் ஆலயம் செய்தது ஒன்று. வீடு கட்டிக் கொடுத்தது இரண்டு. மனக்காயத்துக்கு மருந்திட்டது மூன்று. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இந்தப் பழமொழியை விட்டால் இவனிடம் வேறு சரக்கில்லை என்று என் வீட்டிலேயே பேச்சு. இன்றைக்கும் அதே சரக்குதான். அணை என்று நான் சொல்வது, கடலுக்குப் போகிறவர்களின் பெயரை எழுதி வைக்கும் ஒரு நோட்டு.

2004 டிசம்பர் 26, சுனாமி. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரை வந்தவர்கள் போனார்கள். இங்கே குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் அழுதன. மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்துப் போட்டது. அன்று பள்ளிக்கூடமும் பங்கு மண்டபமும் கோயில் வளாகமும் பள்ளிவாசலும் திறந்தே கிடந்தன. சாதி, சபை கேட்காமல் கஞ்சி ஊற்றினார்கள். பிணம் தூக்க ஆளில்லாத இடத்தில் குருமட மாணவர்களும் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்துப் பிள்ளைகளும் கைகொடுத்தார்கள்.

உதவி வந்த விதத்தில் ஒரு கூத்தும் உண்டு. முகாம் ஒன்றில் நான் நின்றிருந்தபோது, உள்நாட்டு நகரத்து சபை ஒன்றிலிருந்து இளைஞர்கள் ஒரு லாரி நிறைய துணி கொண்டுவந்தார்கள். நல்ல பிள்ளைகள், இரவெல்லாம் தூங்காமல் வந்தவர்கள். மூட்டையைப் பிரித்தால் கம்பளி ஸ்வெட்டர், கல்யாணக் கோட்டு, ஒற்றைக் கால் சாக்ஸ், அதற்கும் கீழே ஒரு கட்டு டை! வரிசையில் முதலாவது நின்றவர் ஒரு பாட்டி. மீன் சுமந்து சுமந்து உச்சந்தலை முடி தேய்ந்தவர். ஒரு டையை எடுத்தார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். “மக்களே, எனக்க பேரன் இதைக் கழுத்துல கெட்டீட்டு வள்ளத்துல போவான்னு நெனச்சியளா?” முகாமே சிரித்தது. மூன்று நாளாக அங்கே யாரும் சிரித்திருக்கவில்லை. அந்தத் தம்பிகளில் ஒருவன் முகம் சிவந்துபோய், “அப்ப உங்களுக்கு என்னதான் பாட்டி வேணும்?” என்று கேட்டான். பாட்டி யோசிக்கவே இல்லை. “ஒரு சருவம் தா. கடலு அடங்கினா மீனு வரும். அன்னைக்கு நான் எதுல வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோவேன்?” பையன் போய்விட்டான், இனி வரமாட்டான் என்றே எல்லோரும் நினைத்தோம். மறுநாள் சாயங்காலம் அதே லாரியில் அலுமினியச் சருவங்கள், அதாவது மீன் சுமக்கும் வாயகன்ற பாத்திரங்கள், வந்து இறங்கின. அந்தச் சத்தம் இருக்கிறதே, பெரிய கோயில் மணி தோற்றது! பாட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கனம் காணாது, போட்டும்” என்றார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்; சிலருக்குக் கசக்கும். அரிசி மூட்டைக்குள் துண்டுப் பிரசுரம் வைத்துக் கொடுத்தவர்களும் அப்போது வந்தார்கள். பசித்தவன் கையில் அரிசியைக் கொடு, அதோடு நிறுத்து. 1994இல் செஞ்சிலுவைச் சங்கத்தோடு கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாசும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து உருவாக்கிய நிவாரண நடத்தை விதியே, உதவியை எந்தச் சமயக் கருத்தையும் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

வீடுகளைப் பற்றி, கோட்டாறு மறைமாவட்ட சமூக சேவைச் சங்கம் முதல் பலரும் கட்டினார்கள் என்பதோடு விடுகிறேன். சுவர் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் அக்காமார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஒக்கிக்கு வருவோம். 2017 நவம்பர் 30. எச்சரிக்கை வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து விசைப்படகுகள் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலில் நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கிடந்தன. யார் போனார்கள், எத்தனை பேர் போனார்கள்? அலுவலகக் கணக்கு ஒன்று சொன்னது, பங்குக் கணக்கு வேறொன்று சொன்னது. பங்குத்தந்தையரும் இளைஞர்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயர் எழுதினார்கள். காணாமல் போனவர்களைத் தேடித் தரச் சொல்லி டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த ஜனங்களின் கையில் இருந்த பலம் அந்தப் பட்டியல்தான். அதிலும் ஓட்டை இருந்தது. படகில் ஏறிய அசாம், ஒடிசாப் பிள்ளைகளில் சிலருக்கு முழுப்பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஆள் காணாமல் போனால் இறந்ததாகக் கொள்ள ஏழாண்டு என்கிறது சாட்சியச் சட்டம். பெயரே இல்லாதவனுக்கு அந்த ஏழாண்டு எந்தத் தேதியிலிருந்து தொடங்கும்? அசாமில் இருக்கும் அவன் தாய்க்கு யார் தகவல் சொல்வது?

வெள்ளம் வருமுன் அணை போடு என்று இதைத்தான் நான் ஊர் ஊராகக் கத்துகிறேன். ஒவ்வொரு பங்கிலும் ஒரு கடற்பயணப் பதிவேடு வேண்டும். படகின் பதிவெண், ஏறியவர்கள் அத்தனை பேரின் பெயர், ஊர், வீட்டு செல்போன் எண், தேங்காய்ப்பட்டணமா கொச்சியா முனம்பமா எங்கிருந்து புறப்பாடு, எத்தனை நாளுக்கு அரிசியும் டீசலும் ஏற்றியிருக்கிறது, இவ்வளவு போதும். கத்தோலிக்கர் படகு, இந்து படகு, இஸ்லாமியர் படகு என்று பிரிக்காமல் எழுத வேண்டும். ‘அது அரசாங்கத்தின் வேலை’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஆமாம், அரசாங்கத்தின் வேலைதான். மீன்வளத் துறை ஐயா இங்கேயே இருக்கிறார், அவரையும் நான் விடப்போவதில்லை. ஆனால் பதினைந்து நாள் ஆகியும் படகு திரும்பவில்லையே என்று முதலில் தெரிவது அன்பியத்துக்குத்தான்.

2018 ஆகஸ்டில் கேரளம் முங்கியபோது, ஒக்கியில் அடிபட்ட அதே திருவனந்தபுரம் கடற்கரைக்காரர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றிச் செங்கன்னூருக்குப் போய் ஆட்களை மீட்டார்கள். ‘கேரளத்தின் சொந்தப் படை’ என்றார் முதலமைச்சர் பினராயி விஜயன். அவர்களைத் திரட்டியதில் பங்கு அறிவிப்புகளுக்கும் இடமுண்டு. ஆலயத்து ஒலிபெருக்கியின் பலம் அவ்வளவு.

மூன்றாவது செய்தி, மனக்காயம். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். அதற்கு இன்னொரு நாள் அருட்சகோதரிகளைப் பேசச் சொல்லுங்கள். வாசலில் மேசை போட்டு மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். படகு உரிமையாளர்கள் போகும்போது பதிவெண்ணையும் ஆட்கள் பெயரையும் சொல்லிவிட்டுப் போங்கள். நோட்டின் நகல் திங்கட்கிழமை மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போகிறது. ஐயா வாங்கிக்கொள்வதாகத் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.