சர்வர் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

வணக்கம் மக்களே. இன்றைக்கு நேராக விஷயத்துக்கே போய்விடலாம். பழைய பில்லிங், சம்பளக் கணக்கு, ஸ்டாக் என்று ஏதோ ஒரு சிஸ்டம், எழுதினவர் ரிட்டயர் ஆகிவிட்டார், சோர்ஸ் கோடு பாதிதான் இருக்கிறது, அதில் புதிய வருஷங்களைப் புரிந்துகொள்ளாத தேதிச் சிக்கல் வருகிறது. அப்போது யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "கடிகாரத்தை 28 வருஷம் பின்னால் தள்ளிவிடுங்க, யாருக்கும் தெரியாது."

ஏன் 28? வாரத்துக்கு 7 நாள், லீப் வருஷம் 4 வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டையும் பெருக்கினால் 28. 2026-இன் காலண்டரும் 1998-இன் காலண்டரும் கிழமைக்குக் கிழமை அப்படியே பொருந்தும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இதைப் போல பயம் தருகிற யோசனை வேறு இல்லை.

அந்த சர்வர் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் எந்த சர்வர் இன்றைக்குத் தனியாக இருக்கிறது? வெளியே ஒரு பாதுகாப்பான இணைப்பு திறக்கப் போனால், எதிர்ப்பக்கத்துச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று மறுத்துவிடும். அதைக்கூட விடுங்கள், பிழைச் செய்தியாவது வரும். இன்றைக்குப் போட்ட இன்வாய்ஸ் ஃபைல் 1998 தேதியோடு ஒரு பொதுச் சர்வருக்குப் போகிறது என்று வையுங்கள், அங்கே ராத்திரி ஓடுகிற ஸ்கிரிப்ட்டுக்கு "7 வருஷத்துக்கு மேல் பழையதை அழி" என்று உத்தரவு. காலையில் ஃபைல் இருக்காது. ஸ்கிரிப்ட் மேல் தப்பும் சொல்ல முடியாது, சொன்ன வேலையைத்தான் செய்தது. அப்புறம், நிஜமான 1998 பதிவுகளும் அதே டேட்டாபேஸில் இருந்தால் எது உண்மை, எது வேஷம் என்று ஆடிட்டருக்கு என்ன சொல்வீர்கள்?

அடுத்தது விண்டோயிங். வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான் இடம் இருக்கிறது, சரி, ஒரு எல்லை எண்ணை வைத்து, அதற்குக் கீழே வந்தால் 20, மேலே வந்தால் 19 என்று முன்னால் ஒட்டிக்கொள். 2000-க்கு முன்னால் நேரமே இல்லாமல் ஓடினவர்கள் செய்த வேலை, அதற்காக அவர்களைத் திட்ட மாட்டேன். ஆனால் எல்லை எண் ஆளுக்கு ஒன்று. எஸ்கியூஎல் சர்வர் என்கிற டேட்டாபேஸில் இயல்பாக 49 வரை (2049), பைத்தான் நிரல் மொழியில் 68 வரை 2000-க்கள், எக்செல் வழக்கமாக 29 வரைக்கும்தான், அதுவும் விண்டோஸ் செட்டிங்கைப் பொறுத்து மாறும். இப்போது ஒரு கடன் 15-06-35 அன்று முடிகிறது. டேட்டாபேஸ் 2035 என்கிறது, அதே சிஎஸ்வி ஃபைலை எக்செலில் திறந்தால் 1935, ஆக கடன் 90 வருஷமாகப் பாக்கி! யாராவது சேவ் அழுத்திவிட்டால் அந்த 1935 நிலைத்தே போய்விடும். ஐபிஎம் ஐ என்கிற வணிக சர்வர் சிஸ்டத்தில் ஆறு இலக்கத் தேதிக்கு எல்லை 1940 முதல் 2039 வரை, சிக்கல் வர 2040 வரை காத்திருக்கத் தேவையில்லை, 15 வருஷக் கடன் கொடுக்கிற எவருக்கும் இப்போதே மோதும். சர்வர் பதிவுகளை அலசுகிற ஸ்ப்ளங்க் மாதிரிப் பெரிய மென்பொருளிலேயே இரண்டு இலக்க வருஷத்தை 19 வரைக்கும் மட்டும் அடையாளம் காண்கிற பேட்டர்ன் இருந்து, 2020 பிறக்கும் முன்னால் எல்லோரும் அவசரமாகப் பேட்ச் போட்டார்கள்.

தேதியை ஒரே எண்ணாகத் திணிப்பதும் இதே குடும்பம்தான். 2022 ஜனவரி 1 அன்று மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரில் மெயில்கள் வரிசையில் சிக்கி நின்றது நினைவிருக்கிறதா? வைரஸ் ஸ்கேனின் பதிப்பு எண் 2201010001 (முதல் ஆறு இலக்கம் வருஷம், மாதம், நாள்), 32 பிட் குறியுள்ள எண்ணின், அதாவது பிளஸ், மைனஸ் இரண்டையும் பிடிக்கிற எண்ணின், உச்சம் 2147483647. 21-இல் தொடங்குகிற வரைக்கும் உள்ளே அடங்கியது, 22 வந்ததும் அடங்கவில்லை.

இதே உச்சம்தான் 2038 ஜனவரி 19 அன்று 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனை விநாடி என்று இப்படி ஒரு எண்ணில் கணக்கு வைத்திருக்கிற சிஸ்டங்களையும் பிடிக்கும். அதற்கும் ஒரு குறுக்கு வழி சொல்கிறார்கள்: குறியை எடுத்துவிடு, 2106 வரை ஓடும். ஓடும்தான், ஆனால் 1970-க்கு முந்தைய தேதிகள் மைனஸில் இருப்பவை. 1965 ஜனவரி 1-இல் பிறந்தவர் 2101-இல் பிறந்தவராக மாறுவார், அவருக்கு ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடுவது?

என் கருத்து இதுதான். கடிகாரத்தைத் தொடவே கூடாது. விண்டோயிங் தவிர்க்கவே முடியாவிட்டால், ஒரே ஒரு இடத்தில் எழுதி, எல்லோரும் அதையே கூப்பிட வேண்டும், எல்லை எண் எது, எப்போது தீரும் என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். நாலு இலக்க வருஷம் பிடிக்கிற மாதிரி டேட்டாபேஸ் நெடுவரிசைகளை மாற்றுகிற வேலை அலுப்பானது, திரை, ரிப்போர்ட், வெளியே போகிற ஃபைல் எல்லாவற்றையும் இழுக்கும், ஆனாலும் அது ஒரு தடவை வேலை. வலையமைப்பிலிருந்து துண்டித்த ஒரு நகலில் 2028 பிப்ரவரி 29, 2030 ஜனவரி 1, 2038 ஜனவரி 19, 2040 ஜனவரி 1, இந்த நாலையும் ஓட்டிப் பாருங்கள், கணக்கு முடிக்கும் ரிப்போர்ட்டையும் சேர்த்து. உண்மையான சர்வரில் மட்டும் வேண்டாம்.