ரத்தத் துளி பூர்வீகம் சொல்லுமா?

குற்றம் நடந்த இடத்தில் ரத்தக்கறை இருக்கிறது, தரவுத்தளத்தில் பொருந்தும் ஆள் இல்லை. அப்போது விசாரணை அதிகாரி கேட்பார்: "எந்தப் பக்கத்து ஆள் என்றாவது சொல்ல முடியுமா?" ஓரளவு முடியும். எவ்வளவு முடியும் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆளை அடையாளம் காட்டும் எஸ்டிஆர் குறிப்பான்கள், அதாவது டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்கள், இதற்கு அவ்வளவாக உதவா. அவை வேகமாக மாறுபவை. எங்கும் எல்லா வடிவங்களும் கலந்து கிடக்கும். நமக்கு வேண்டியவை எஸ்என்பி எனப்படும், டிஎன்ஏவின் ஒற்றை எழுத்து மாற்றங்கள். அவற்றிலும் ஒரு நிலப்பரப்பில் மிகுந்தும் இன்னொன்றில் அருகியும் இருப்பவை. டஃபி ரத்த வகை மரபணுவின் ஒரு மாற்றம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு; ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் மிக அரிது. மரபியலாளர் கென்னத் கிட்டின் ஆய்வகம் தேர்ந்தெடுத்த 55 எஸ்என்பி தொகுப்பு பரவலாகப் பயன்படுகிறது. ஆய்வுக்காகப் பெருக்க வேண்டிய டிஎன்ஏ துண்டுகளைக் குட்டையாக அமைக்கலாம் என்பதால் சிதைந்த மாதிரியும் கைகொடுக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஓரிடத்தில் 'ஜி' என்ற எழுத்து முதல் மக்கள் தொகுதியில் 90 விழுக்காடு, இரண்டாவதில் 10 என்று வைத்துக்கொள்வோம். தாய்வழி, தந்தைவழி வந்த இரு பிரதியும் ஜி என்றால் வாய்ப்பு முதலாவதில் 0.81, இரண்டாவதில் 0.01. முதலாவதன் பக்கம் 81 மடங்கு சாய்கிறது. ஒன்று ஜி, மற்றது ஏ என்றால் இரண்டிலும் 0.18, அந்த இடம் எதையும் சொல்லவில்லை. இப்போது மாதிரியில் டிஎன்ஏ குறைவு, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையில் ஏ பிரதி பெருகாமல் விழுந்துவிட்டது. கருவி ஜி-ஜி என்று படிக்கும். வாய் திறக்காத சாட்சி 81 மடங்கு பொய் சொல்லிவிட்டது! அதனால்தான் இரு பிரதியும் ஒன்றே என்று முடிவு செய்யுமுன் கருவி அந்த இடத்தை எத்தனை முறை படித்தது என்ற வாசிப்பு எண்ணிக்கைக்கு ஒரு கீழ்வரம்பு வைக்கிறோம். மறுபடியும் பெருக்கிப் பார்க்கிறோம்.

இன்னொரு பொறி, கலந்த மாதிரி. வெவ்வேறு பூர்வீகமுடைய இருவரின் ரத்தம் கலந்தால், வெவ்வேறு பூர்வீகப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவரைப் போலவே தெரியும். இரண்டே வடிவமுள்ள எஸ்என்பி இதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே முதலில் எஸ்டிஆர் பாருங்கள்: பல இடங்களில் மூன்று, நான்கு வடிவங்கள் தெரிந்தால் இருவராவது இருக்கிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை ஒப்பீட்டுத் தொகுப்பு. மென்பொருள் தன்னிடம் உள்ள மக்கள் தொகுதிகளுக்குள்தான் தேடும். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியா மட்டும் கொடுத்தால், தெற்காசியர் ஒருவரை ஐரோப்பிய–கிழக்காசியக் கலப்பு என்று கூசாமல் சொல்லும்.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோமை மட்டும் நம்புவதும் அப்படித்தான். பத்துத் தலைமுறை மேலே போனால் மூதாதையர் இடங்கள் 1024; ஒய் பேசுவது அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும்.

பூர்வீகம் தோற்றமும் அல்ல. ஜெர்மனி 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது கண், முடி, தோல் நிறங்களையும் வயதையும் கணிக்க அனுமதித்தது, பூர்வீகத்தை அனுமதிக்கவில்லை.

அறிக்கையில் "இவர் இன்ன நாட்டவர்" என்று எழுதாதீர்கள். இந்த மரபு வடிவம் இன்ன தொகுதியில் கிடைக்கும் வாய்ப்பு, இன்னதைவிட இத்தனை மடங்கு என்று எழுதுங்கள். எந்தெந்தத் தொகுதிகளோடு ஒப்பிட்டீர்கள் என்ற பட்டியலையும் அதே பக்கத்தில் வையுங்கள்.